கரையில் கிடந்த பொணம் நான்தான்

டி.வி.யில் ஒரு துப்பறியும் தொடர் வந்ததே, ஒரு கம்ப்யூட்டர்க்காரனைக் கொன்று கடலில் தள்ளிவிடுவார்களே, அதில் மூன்றாவது வாரம் எங்கள் ஊர் திரேஸ்புரம் கரையில் குப்புறக் கிடக்கிற பொணம் நான்தான். மூஞ்சி தெரியாது. முதுகும் காலும்தான் தெரியும். மொத்தம் ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அந்த ரெண்டு நிமிஷத்துக்காக நான் பட்ட வெட்கத்தை யாரிடமும் வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அண்ணனைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அண்ணன். பைபர் வள்ளத்தில் மூணு பேராகக் கடலுக்குப் போனார்கள். காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மற்ற ரெண்டு பேரும் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள், அவர்களை வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் வரவில்லை. எங்கள் ஊர் வள்ளம் அத்தனையும் தேடிப் போனது, நானும் போனேன். கடல் எடுத்ததை மூணாம் நாள் கொடுத்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கம். மூணாம் நாளும் போச்சு, முப்பதாம் நாளும் போச்சு. கடல் கொடுக்கவில்லை. அதற்கு மேல் எனக்குக் கடலைப் பார்க்கவே பிடிக்காமல், ஐஸ் கம்பெனியில் ஐஸ்கட்டி ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போய்விட்டேன்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, அழவே இல்லை. ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை. மீன் ஏலக்கூடத்தில் கூடை வைத்து விற்கிறவள், பத்தே நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நெஞ்சா அது, கருங்கல்லுல்லா" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். கோயில் ஃபாதர் வீட்டுக்கு வந்து, "ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வச்சிருவோமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உடம்பைக் கண்ணால பாக்காம பூசையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது ஃபாதர். பூசை வச்ச மறுநாள் அவுக வந்து வாசல்ல நின்னா நான் என்ன பதில் சொல்ல?"

ஃபாதர் எழுந்து போய்விட்டார். மதினி கழுத்தில் தாலி அப்படியே இருந்தது, கொடியில் அண்ணன் சட்டையும் அப்படியே கிடந்தது. மீன்துறை ஆபீஸ் காகிதத்திலும் 'காணவில்லை' என்றுதான் எழுதியிருந்தார்கள். வீம்பு பிடித்தவள் என்று நானும் மனதுக்குள் திட்டினேன். செத்தவனைச் செத்தான் என்று சொல்ல விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அப்போது ஆத்திரம்.

மூணு மாசம் இப்படிப் போனது. அப்போதுதான் மெட்ராஸிலிருந்து அந்தத் தொடர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். நாலைந்து நாள் துறைமுகத்துப் பக்கம் எடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் எங்கள் கரைக்கு வந்தார்கள். டைரக்டரின் உதவியாள் டீக்கடையில் நின்று கதையைச் சொன்னான். ரெண்டு பெரிய கப்பல் கம்பெனி. ஒரு கம்பெனியின் ரகசியத்தை இன்னொரு கம்பெனி திருடுகிறது. திருடிக் கொடுக்கிறவன் ஒரு ஹேக்கர், ரூமில் இருந்தபடியே அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுவான். காரியம் முடிந்ததும் அவனையே தீர்த்துக் கடலில் போட்டுவிடுகிறார்கள். உடம்பு இங்கே கரை ஒதுங்குகிறது, துப்பறிய ஒரு அதிகாரி வருகிறார்.

டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார், "உக்காந்த இடத்துல திருடுதவன் ஏசி ரூம்லயே சாவ வேண்டியதுதானே? அவன் சாவதுக்கும் நம்ம கரைதான் கிடைச்சுதா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பொணமாகக் கிடப்பதற்கு மெட்ராஸிலிருந்தே ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஈர மணலில் அந்த ஆள் குப்புறப் படுத்தான். காதோரமாக ஒரு நண்டு ஓடியதுதான் தாமதம், அம்மா என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடினான். "ஏலே, பொணம் ஓடுதுலே!" என்று வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கூப்பாடு போட்டார்கள். அந்த ஆள் திரும்பப் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். என் கூட்டாளி ஒருத்தன் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான். "இவன் கிடப்பான் சார். ஐஸ் கம்பெனியிலயே பாதி நேரம் இவன் பொணமாத்தான் கிடப்பான்."

எனக்கும் ஆசைதான், இல்லை என்று பொய் சொல்லக்கூடாது. டி.வி.யில் வரலாமே.

பேன்டும் நீலச் சட்டையும் கொடுத்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை ஒன்றை மாட்டினார்கள். கையிலும் காலிலும் ஏதோ மையைத் தடவி ஊதா நிறமாக்கினார்கள். எல்லாம் சரி, காலில் மாட்டக் கொடுத்த சூதான் சேரவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஒரு தினுசான கால். கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்து அடுத்த விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தக் கால் அப்படியே அண்ணனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. எந்தச் சூவிலும் நுழையாது. உயிர் போகிற மாதிரி வலி. கழற்றட்டுமா என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "சார், கடல்ல கிடந்த பொணத்துக்குச் சூ எங்கன இருக்கும்? தண்ணி கழட்டிரும். நாங்க எத்தனை பாத்திருக்கோம்."

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, லோக்கல் ஆளுங்களுக்குத்தான் தெரியுது" என்று உதவியாளைத் திட்டி, சூவைக் கழற்றச் சொன்னார்.

கடலில் கிடந்த உடம்புக்கு மூஞ்சி மிஞ்சாது. எங்கள் ஆட்கள் கரை ஒதுங்கிய உடம்பைப் பார்க்கப் போனால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சூ கடித்த எரிச்சலில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காலை பத்து பத்தரை இருக்கும். நான் குப்புறக் கிடக்கிறேன், அலை வந்து வந்து முழங்கால்வரை நனைக்கிறது. போலீஸ் வேஷம் போட்டவர்கள் சுற்றி நிற்கிறார்கள். முதுகில் மூச்சு தெரியக்கூடாது, கட் என்று சொல்லும்வரை அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மதினி விடியும் முன்பே ஏலக்கூடத்துக்குப் போனவள். எங்கள் கரைக்குப் படக்காரர்கள் வந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே யாரோ ஒருத்தி, "ஏளா, திரேஸ்புரம் கரையில உடம்பு ஒண்ணு ஒதுங்கிக் கிடக்காம். போலீஸெல்லாம் நிக்காவளாம்" என்றிருக்கிறாள். அது ஷூட்டிங் என்று இன்னொருத்தி சொல்லி முடிக்கிறதுக்குள் மதினி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மணலில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. "ஏம்மா, நில்லும்மா" என்று நாலைந்து குரல். அப்புறம் என் ரெண்டு காலையும் ரெண்டு கை பிடித்தது. கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது.

"எங்கய்யா கிடந்த இத்தனை நாளு?" என்றாள்.

அது மதினி குரல். இயேசு மரி சூசை! எழுந்திரு, எழுந்திரு என்று மனது அடித்துக்கொள்கிறது, உடம்பு எழும்பவில்லை.

அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மூணு மாசத்து அழுகை. "காலெல்லாம் ஊறிப் போச்சே ராசா. கொடியில சட்டை கிடக்கே, யாருக்குக் குடுப்பேன். கல்லு நெஞ்சுக்காரின்னு சொன்னாளுவளே, வந்து கேக்கமாட்டியா. குளிருச்சாய்யா? தண்ணிக்குள்ள குளிருச்சா?" என் காலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். மீன்காரி அவள். தண்ணீரில் கிடந்த சதை மூணு மாசத்தில் என்ன கதிக்கு ஆகும் என்று அவளுக்கா தெரியாது? அந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கால் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அந்த டைரக்டர் கட் சொல்லவில்லை, படுபாவி. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

குளிருச்சா என்று ரெண்டாம் தடவை கேட்டபோது என்னால் முடியவில்லை. புரண்டு எழுந்து உட்கார்ந்தேன். "மதினி, நான்தான்" என்றேன்.

என் மூஞ்சியைப் பார்த்தாள். திரும்பக் காலைப் பார்த்தாள். என்னை அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். பிடித்திருந்த காலை மெதுவாக மணலில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். வந்த வழியே ஏலக்கூடத்துக்குத்தான் போனாளாம். கூடையில் மிச்சமிருந்த மீனையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாளாம்.

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் நடந்த தப்பு என்று மனதைத் தேற்றியிருப்பேன். உதவியாள் ஒரு துண்டும் டீயும் ஒரு காகிதமும் கொண்டு வந்தான். "அந்தம்மா அழுதது பிரமாதமா வந்திருக்குண்ணே. வச்சுக்கலாமா? வீட்டாளு நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்." போட்டேன். குழப்பத்தில் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். பிரமாதம் என்று அவன் சொன்னபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்தது. என் அண்ணன் பெண்டாட்டி அழுத அழுகைக்கு எனக்குப் பெருமை! அது மட்டுமா, திரும்பவும் படுத்து மிச்சத்தையும் நடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என்னைப் போர்த்தித் தூக்கி வேனில் ஏற்றுகிறவரைக்கும் கண்ணை மூடிக் கிடந்தேன்.

அதற்குப் பிறகு மதினி என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவாள். "பொணம் வாரான் பாரு" என்று கேலி பேசிய கூட்டாளியின் சட்டையைப் பிடித்துவிட்டேன், மற்றவர்கள்தான் விலக்கிவிட்டார்கள்.

ஏழெட்டு மாசம் கழித்துத் தொடர் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஊர் முழுக்க அதுதான் ஓடும். நம்ம ஊர் தெரிகிறதே! அவள் அழுததை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் அதை ஊரோடு சேர்ந்து பார்க்கிறதுக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் போனது, ஹேக்கர் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினான். ரெண்டாவது வாரம் அவனைக் காணவில்லை என்று தேடினார்கள். மறுநாள் நான் மதினி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அந்த நாடகத்துல..."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ஐஸ் ஏதும் வேணுமா?"

"எனக்கு எதுக்கு ஐஸு?" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன். கோழைப்பயல்.

மூணாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மதினி எங்கள் வீட்டுக்கே வந்தாள். அத்தனை மாசத்தில் அதுதான் முதல் தடவை. டி.வி.க்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "போடு" என்றாள். என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.

கரை வந்தது. என் முதுகு வந்தது, கால் வந்தது. அவள் ஓடி வந்து விழுந்தாள். அந்த அழுகையை அப்படியே போட்டிருந்தார்கள். துப்பறிகிற அதிகாரி, யாரது என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரன் சொல்கிறான், "இந்த ஊர்க்காரங்க சார். யார் செத்தாலும் வந்து அழுவாங்க."

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எழவெடுத்தவனுவ! இப்பவே போன் போட்டுக் கேக்கேன் பாரு" என்று எழுந்தேன்.

"சும்மா இரு தம்பி. பாக்க விடு" என்றாள் மதினி.

நாலு பேர் வந்து உடம்பில் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். தலைமாட்டில் ரெண்டு பேர், கால்மாட்டில் ரெண்டு பேர். தூக்கி வேனில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் அந்தக் கம்பெனிக்காரர்கள், ரகசியம், பென் டிரைவ் என்று என்னென்னவோ ஓடியது. மதினி அதையெல்லாம் பார்க்கவில்லை. முடிந்ததும், "இன்னொரு வாட்டி வருமா?" என்று கேட்டாள். போனில் எடுத்து, சரியாக அந்த இடத்தில் வைத்துக் கொடுத்தேன். வேன் கதவைச் சாத்துகிறவரைக்கும் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை பார்த்தாள்.

"பாத்து மெதுவாத்தான் தூக்குதாவ" என்றாள். போனைப் பார்த்தபடியே, "இதுல நீ எந்திரிக்கல" என்றாள்.

"அதை வெட்டிட்டாங்க மதினி."

"அன்னைக்கும் நீ எந்திரிக்காமக் கிடந்திருக்கலாம்லா."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஃபாதர்ட்ட போயி உங்க அண்ணன் பேருக்குப் பூசைக்குச் சொல்லிட்டு வா."

"இப்பவா மதினி?"

"இப்பவே."

வாசலில் இறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பினேன். அவள் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை, கீழே என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பைப் போட்டுட்டுப் போ. இனிமே என் முன்னால வெறுங்காலோட நிக்காத."

அதன்பிறகு நான் அப்படி நின்றதில்லை.