ஒன்பதாவது அலை

கடலில் முங்கினால் நோய் தீரும் என்று எவனோ ஒரு வைத்தியன் சொன்னான். அவ்வளவுதான், அந்த அர்ஜென்டினாக் கரையில் முதல் ஓட்டல் எழும்பிவிட்டது. அதன் வாசலுக்கு நேர் எதிரே நுன்சியாவின் குடிசை. சிசிலியிலிருந்து கப்பலேறி வந்தவள். உடைந்த படகின் பலகைகளைக் கொண்டு புருஷன் கட்டிய குடிசை அது; பிறகு அவனையே கடல் கொண்டுபோய்விட்டது. மகன் பிடித்துவரும் நெத்திலியை ஆய்ந்து, உப்புப் போட்டு விற்றுப் பிழைத்தாள். குடலோ செதிலோ, எதற்கும் அவள் மூக்கைச் சுளித்ததில்லை.

ஓட்டல் மேலாளன் எவரிஸ்தோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"ஒன் குடிசை நாறுது நுன்சியா. பெரிய வீட்டு அம்மாமாருக்குக் கொமட்டுதாம்."

"கக்கூசுக் குழாயக் கடல்ல விட்டிருக்கீங்களே ஐயா, அது மட்டும் மல்லிப்பூவா மணக்குதோ?"

"வாய் நீளுது பாரு! மீன விட்டுட்டு, குளிக்க வர்ற அம்மாமார அலை இழுக்காமக் கயித்தோரமா பிடிச்சு நிறுத்து. குடிசை நிக்கும். இல்லேன்னா நாளன்னைக்கே பிரிச்சிருவேன்."

புருஷன் அடித்த ஆணிகளைப் பார்த்தாள். சரி என்றாள்.

மறுநாள் காலை, கரையில் நட்ட கம்பத்திலிருந்து கடலுக்குள் போகும் வடத்தைப் பிடித்தபடி முதலில் இறங்கியவள் எத்தெல்வினா சீமாட்டி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்புக் கம்பளி உடுப்பு. அந்தச் சீமாட்டிகளுக்கு ஒரு நியமம் உண்டு: ஒரு குளியலுக்கு ஒன்பது அலை, கடைசி அலையில் ஒரு வாய் கடல்நீர் குடிக்கவேண்டும். ஓர் அலை குறைந்தாலும் நோய் இரட்டிக்குமாம்.

நாலாவது அலை பழுப்பாக வந்தது. ஓட்டலின் முந்தின நாள் விருந்து அதில் மிதந்தது; தின்றபோது இருந்த வடிவில் அல்ல.

"அம்மா, போதும், கரையேறுங்க. பீ மெதக்குது."

"எனக்கும் கண்ணு இருக்குடி. கடல் பெருசு, எல்லாத்தையும் கழுவிரும். இன்னும் அஞ்சு பாக்கி. கெட்டியாப் பிடி."

பிடித்தாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் சீமாட்டி கண்ணை மூடி, தீர்த்தம்போல் உள்ளங்கையில் அள்ளிக் குடித்து, உதட்டையும் நக்கிக்கொண்டாள்.

ஆயிரம் மீனின் வயிற்றைக் கிழித்த நுன்சியா கரைக்கு ஓடி, அத்தனை பேர் முன்னாலும் வாந்தியெடுத்தாள். எவரிஸ்தோ சிரித்தான்.

"மீன்காரிக்குக் கடல் நாறுதாம்! போ, அடுத்த அம்மா காத்திருக்காங்க."

"நீயே போய்ப் பிடி. அப்படியே ஒரு வாய் குடிச்சுட்டும் வா."

"குடிசை போயிரும்டி!"

"போவட்டும். அந்தத் தண்ணில நின்னு காப்பாத்துற வீட்டுல நான் எப்படிச் சோறு திங்க?"

சொன்னபடியே குடிசையைப் பிரித்தார்கள். அந்த இடத்தில் சீமாட்டிகள் உடை மாற்ற வெள்ளைக் கூடாரம் வந்தது. நுன்சியா பலகைகளை மகனோடு தலைச்சுமையாகவே தெற்குப் பாறைகளுக்கு அப்பால் கொண்டுபோய், காற்றடிக்கும் கரட்டில் மறுபடி ஆணியடித்தாள். ஓட்டலுக்கு முன்னாலிருந்த வளைகுடாவில் பிடித்த மீனை அதன்பின் அவள் கையால் தொடவில்லை. யாராவது கொண்டுவந்தால், "ஓட்டலுக்குக் குடு, அவங்களுக்குப் பழகின ருசி" என்பாள்.