மூன்றில் ஒன்று திறக்காவிட்டால்

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஓரிடத்தில் அமைதியாக உட்காரும் பாக்கியம் கிடையாது. அதுவும் விண்டோஸில் ஓடுவது லினக்ஸிலும் ஓட வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால், உட்கார்ந்த கதிரை சூடாகிவிடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் இதைப் படித்தால், ஆளுக்கொரு பால் இல்லாத பிளேன்டீயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். என் கதையைக் கேட்டால் உங்கள் கதை பரவாயில்லை என்று தோன்றும்.

மூன்று பெட்டிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டி நகரில், திருகோணமலை வீதி என்ற தெருவில், ஒரு மாடியில் இருந்த சின்ன கம்பியூட்டர் நிறுவனத்தில் எனக்கு வேலை. முதலாளி சிவநாதன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து மேசையில் ருவன், கண்டிச் சிங்களவர், கடைத்தெருவில் பழகிய தமிழில் சமாளிப்பார். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். டவுனில் போர்டிங்கில் இருந்தேன். கம்பெனி என்றால் இவ்வளவுதான்.

கண்டியைச் சுற்றி மருந்து நிலையங்கள் நடத்திய ஒரு தர்ம ஸ்தாபனம், மருந்துப் போத்தல்களில் ஒட்டும் லேபலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அடிக்க ஒரு புரோகிராம் கேட்டது. அப்போதெல்லாம் தமிழ் எழுத்து கம்பியூட்டரில் சும்மா வந்துவிடாது. புள்ளி புள்ளியாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். ஆகவே மொழிக்கு ஒன்றாக மூன்று லைப்ரரி எழுதினோம். லைப்ரரி என்பது தனியாக வைத்திருக்கும் கருவிப் பெட்டி மாதிரி. புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு தேவையானதைத் தேடித் திறந்துகொள்ளும். சிங்களப் பெட்டி ருவனுடையது, தமிழ்ப் பெட்டி என்னுடையது, ஆங்கிலத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

கம்பியூட்டர்களோ வெளிநாட்டிலிருந்து தானமாக வந்தவை. சிலவற்றில் விண்டோஸ், சிலவற்றில் லினக்ஸ். பெட்டியைத் திறக்கும் முறை இரண்டிலும் வேறு. அங்கே லோட்லைப்ரரி என்ற கட்டளை, இங்கே டிஎல்ஓப்பன். அதனால் நடுவில் ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். திற, தேடு, மூடு என்று அதற்கு மூன்றே வேலை. எந்த மெஷினில் இருக்கிறோம் என்பதை அது பார்த்துக்கொள்ளும், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு வேலையையும் நான் இரண்டு விதமாக எழுதியிருப்பதைச் சிவநாதன் சேர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "பிள்ளை, நான் ஒரு புரோகிராம்தானே எழுதச் சொன்னனான், நீர் என்ன ரெண்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்?"

ஹேரத் மஹத்தயாவின் நிபந்தனை

ஸ்தாபனத்தின் சார்பில் எங்களோடு பேசியவர் ஹேரத் மஹத்தயா, அதாவது ஹேரத் ஐயா. தெல்தெனிய நிலையத்துக்குப் பொறுப்பானவர். கெட்ட மனிதர் அல்ல. வரிசையில் நிற்கும் நோயாளியைப் பார்த்தால் அவருக்கே வியர்க்கும். புரோகிராம் எழுதும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு பெட்டி திறக்காமல் போனால், புரோகிராம் அழுது அடம்பிடித்து நிற்கக் கூடாது.

எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திறக்காவிட்டால் ஒரு சத்தமாவது போட வேண்டாமா என்று கேட்டேன். சத்தம் போட்டால் நிலையத்தில் இருப்பவர்கள் பயந்துபோய் ஸ்விட்சை நிறுத்திவிடுவார்களாம். கடைசியில் அவர் சிங்களத்தில் சொன்னதைச் சேர் எனக்கு உத்தரவாக்கினார். "இருப்பதை வைத்து ஓடட்டும், இல்லாததற்காக வேலை நிற்கக் கூடாது."

கண்ணுக்கு முன்னால் காணோம்

அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த விண்டோஸ் மெஷினில் சிங்களம் திறந்தது, ஆங்கிலம் திறந்தது, தமிழைக் காணோம் என்றது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது. பெயர் சரி, இடம் சரி. விரலால் தொட்டுக் காட்டலாம். ஆனால் கேட்கும்போதெல்லாம் அந்த மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ சொல்வது இங்கே இல்லை என்கிறது. உங்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் தலையை மேசையில் முட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், என் பெட்டிக்கு இன்னொரு பெட்டியின் உதவி தேவை. அது என் மெஷினில் இருந்தது, இந்த மெஷினில் இல்லை. இல்லாதது அது, பழி என் பெட்டிக்கு. இதைக் கண்டுபிடிக்கப் பகல் முழுக்கப் போய்விட்டது. எனக்கு யோசிக்கும்போது கால் ஆடும். அன்றைக்கு வெளியே ஏதோ செய்தி என்று கடைகளை நேரத்தோடு மூடிக்கொண்டிருந்தார்கள், போர்டிங்குக்கு எப்படிப் போவது என்ற பயம் வேறு சேர்ந்து, கால் நிற்கவே இல்லை. ருவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிட்டுச் சொன்னார்: "அநே நங்கி, காலை ஆட்ட வேணாம், மேசையும் ஆடுது, என்ட சிங்களமும் பிழையாகுது."

பன்விலவில் ஒரு சந்தேகம்

பன்வில நிலையத்தில் இருந்தது லினக்ஸ். அங்கே வேறு ரகம். விண்டோஸ் தன் காலடியில் இருக்கும் ஃபைலையும் ஒரு தடவை பார்க்கும். லினக்ஸுக்கு வெறும் பெயரைச் சொன்னால், தனக்குச் சொல்லிவைத்த இடங்களில் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று கையை விரிக்கும். புரோகிராமும் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. முழு முகவரி கொடுக்க வேண்டும்.

நான் முகவரியைத் தட்டிக்கொண்டே இதை அங்கிருந்த மருந்து கொடுக்கும் தம்பியிடம் விளக்கினேன். தோட்டத்துப் பெண்கள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வெளியே நின்றார்கள். தமிழ் லேபல் கரகரவென்று வெளியே வந்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அவர் மட்டும் யோசனையாகவே நின்றார். "பக்கத்துல இருக்கிறத பாக்காமத் தூரத்துல தேடுதா மிஸ்? அப்ப இது எங்க வீட்டுக்காரி மாதிரிதான்."

பிளாப்பியில் எழுதிய பெயர்

அடுத்தது தெல்தெனிய. நானும் ருவனும் போனோம். பிளாப்பி டிஸ்க்குகள் மாறிப்போகக் கூடாது என்று, நான் பெரிய கெட்டிக்காரி போல, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்றில் சிங்களம், ஒன்றில் ஆங்கிலம், ஒன்றில் தமிழ். புத்தர் கோயிலான மாளிகாவைப் பக்கத்துப் பாதையை மூடியிருந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு போனது. வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த ஆமிக்காரர் பையைத் திறக்கச் சொன்னார்.

டிஸ்க்குகளைக் கையில் விரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவதில் கண் நின்றது. இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். மருந்துப் போத்தலுக்கு லேபல் என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவளின் குரலாகக் கேட்டது. ருவன் முன்னால் வந்து சிங்களத்தில் விளக்கினார். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன காரணத்துக்காக உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும். ஆமிக்காரரும் சின்ன வயதுதான். மேலே யாரிடமாவது கேட்காமல் விட அவருக்கும் பயம். கடைசியில் இரண்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "இந்த ரெண்டையும் கொண்டு போ, அது இங்கேயே இருக்கட்டும்."

இல்லாமலே ஓடியது

தெல்தெனியவில் இரண்டு பெட்டிகளைப் போட்டோம். புரோகிராம் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? சத்தம் போடாதே என்று எழுதிவைத்தவளே நான்தானே. லேபலில் மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் வெள்ளையாக ஓரிடம். அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு எரிந்தது. ருவன் அதைப் பார்க்காமல் பிரிண்டரின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். 

மறுபடி வந்து தமிழைப் போடுகிறேன் என்று ஹேரத் மஹத்தயாவிடம் சொன்னேன். அவர் லேபலைப் போத்தலில் ஒட்டி, தடவிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். அவசரம் இல்லை என்றார். தெல்தோட்டை மெஷினும் விண்டோஸ்தானே, இதையே அங்கேயும் கொப்பி பண்ணிவிடுகிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்தார்: "பார்த்தீர்களா மிஸ், அது இல்லாமலே நல்லா ஓடுது."

அம்மாவின் இரண்டு போத்தல்

அம்மா மருந்து எடுப்பது தெல்தோட்டை நிலையத்தில். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு ஒரு குளிசை, அதாவது மாத்திரை, காலையில் மட்டும். இன்னொன்று வயிற்றுக்கு, மூன்று வேளையும். முன்பெல்லாம் மருந்து கொடுப்பவர் உறையில் தமிழில் கையால் எழுதிக் கொடுப்பார். மெஷின் வந்த பிறகு கையால் எழுதுவதை விட்டுவிட்டார்கள். இரண்டு போத்தலும் ஒரே அளவு, குளிசையும் ஒரே வெள்ளை. அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சீனிக் குளிசையை மூன்று வேளையும் போட்டுவிட்டாள்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் விழுந்துவிட்டாளாம். நல்லவேளை, பக்கத்து லயத்து வீட்டு அக்கா வாயில் சீனித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். செய்தி கிடைத்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. போத்தலை எடுத்துப் பார்த்தேன். நடுவில் அதே வெள்ளை இடம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கேயே கேட்க வேண்டியதுதானே என்று அவள்மேல்தான் பாய்ந்தேன். அம்மா கோபிக்கவில்லை. "நீ செஞ்ச மிசினுன்னு சொன்னாங்க புள்ள. புரியலன்னு கேட்டா ஒனக்குத்தான கேவலம்னு பேசாம வந்துட்டேன்."

ஒரு வரி

முதலில் தெல்தோட்டை மெஷினில், கையோடு கொண்டுபோன வேறு டிஸ்க்கிலிருந்து தமிழைப் போட்டுவிட்டுத்தான் கண்டிக்கு வந்தேன். வந்ததும் என் சின்ன ஃபைலைத் திறந்தேன். திறக்காவிட்டால் விட்டுவிட்டுப் போ என்று இருந்த வரியை அழித்தேன். மூன்றில் எது திறக்காவிட்டாலும், அதன் பெயரைச் சொல்லிவிட்டு நில் என்று எழுதினேன்.

சிவநாதன் சேர் பதறிவிட்டார். கலவரத்தில் கடையைப் பறிகொடுத்துவிட்டு, வேறு ஊரில் வேறு பிழைப்பாக இதைத் தொடங்கியவர் அவர். யாரோடும் மோதக் கூடாது என்பதே அவருடைய தொழில் இரகசியம். "தமிழ் இல்லாட்டி நிக்கும் எண்டால், இது அரசியல் பிள்ளை" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ருவன் எழுந்து வந்து, தன் சிங்களப் பெட்டியைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினார். அது சிங்களத்தைக் காணோம் என்று சொல்லி நின்றது. "என்டது இல்லாட்டியும் நிக்குது சேர், ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான்" என்றார். சேர் ஜன்னலருகே போய் வீதியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு திரும்பினார். "ஓம், அப்பிடியே விடும். ஆனா டெலிபோன் அடிச்சால் நீர்தான் எடுக்க வேணும்."

டெலிபோன் அடித்தது

புதிய புரோகிராமைத் தெல்தெனியவுக்கு ருவன் கொண்டுபோனார். இந்த முறை தமிழ் டிஸ்க்கில் பெயர் எதுவும் எழுதவில்லை. சாவடியும் விட்டுவிட்டது. ஆனால் மலைநாட்டு ஈரம் விடவில்லை. டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்து, மெஷினால் வாசிக்க முடியவில்லை. புரோகிராம் தமிழைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய புரோகிராமையோ ருவன் அழித்துவிட்டிருந்தார், வேண்டுமென்றேதான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது. ஹேரத் மஹத்தயா டெலிபோனில் எடுத்த எடுப்பில் கத்தினார். வரிசை வாசலைத் தாண்டிவிட்டதாம், குழந்தைகள் அழுகின்றனவாம், நான் உடனே பறந்து வர வேண்டுமாம். எனக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது. தமிழ் டிஸ்க் உங்கள் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, சாவடியில் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் ரிசீவரைப் படாரென்று வைத்தார்.

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். கதிரையில் இருக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.  மத்தியானம் தாண்டி மறுபடி டெலிபோன் அடித்தது. ஹேரத் மஹத்தயாவுக்கு மூச்சு வாங்கியது. தானே போய், பெரிய ஆளைச் சந்தித்து, கையெழுத்துப் போட்டு டிஸ்க்கை வாங்கி வந்தாராம். ருவன் போட்டுவிட்டாராம், மூன்றும் வருகிறதாம். எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சிங்களத்தில் சொன்னார், தமிழில் தருகிறேன்: "நான் என்ன சொல்ல, மிஸ்? தமிழ் இல்லாமல் எங்களுக்கு ஒரு வேலையும் நடக்காது என்று அவர்கள் முன்னால் நின்று சொன்னேன்."

அம்மாவின் தீர்ப்பு

அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது, அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன், என்று எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள்.  இதற்காக எவ்வளவு ஓடினேன், எவ்வளவு பயந்தேன், யார் யாரிடம் பேச்சு வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா போத்தலை என் கையில் தந்தாள். "நல்லாத்தான் இருக்கு, எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டா என்னா?"

இவ்வளவு வருஷம் கழிந்த பிறகும், எதையாவது காட்டி 'அது இல்லாமலே ஓடும்' என்று யாராவது சொல்லிவிட்டால், மேசைக்கடியில் என் கால் என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கிவிடுகிறது.