உப்புக்கு எரியும் விளக்குகள்

நான் சித்திர ஆசிரியை. மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்ததுதான். அந்த அரைகுறை அறிவை நம்பித்தான் புளியங்கூடல் வாசிகசாலையில் கிணற்று விளக்குகளைக் காட்சிக்கு வைத்தேன்.

வேலை பெரிதில்லை. செத்த டோர்ச் பற்றரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் கரிக்குச்சிகளை எடுத்தேன். ஒரு ஜாம் போத்தலுக்கு இரண்டு குச்சி, ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப், வெளியே ஒரு புது ஒன்பது வோல்ட் பற்றரி. போத்தலில் தண்ணீரை ஊற்றினால் மின்சாரம் அதன் வழியாகப் போய் பல்பை எரிக்கும். உப்புக் கூடக் கூட வெளிச்சமும் கூடும். வாசிகசாலை ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவின் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளிலும் தண்ணீர் வாங்கி, போத்தல்களை மெல்லிய வெள்ளைத் துணியால் சுற்றி, எந்த வீடு என்று எழுதி வரிசையாக வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மூலையில் ஒரு போத்தல் கடல் தண்ணீர்; அது என்னவென்று விளக்க அட்டையில் மட்டும் எழுதியிருந்தேன்.

பூட்டி முடித்ததும் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு போனேன். கடலுக்கு அடுத்தபடியாகக் கூட எரிந்தது என் அக்கா வீட்டுத் தண்ணீர்.

அந்த ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு அக்கா வீட்டில் மட்டும்தான். மற்றவை உப்புச் சவர், குளிக்கக் கழுவத்தான் ஆகும். பின்னேரங்களில் எட்டு வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் கானோடு தண்ணீர் அள்ள வருவார்கள். தனியாக இருக்கும் அக்காவுக்கு அந்தக் கிணறுதான் ஊரில் மரியாதை. வாளியால் அள்ளிக்கொண்டிருந்தவளைப் போன வருடம் மோட்டர் பூட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவள் நான். தோட்டத்துக்கும் இறைக்கலாமே என்று பெரிய கெட்டிக்காரி போலச் சொன்னேன். எங்களுடையது தீவு; நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. வேகமாக இழுத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதை நான் யோசிக்கவேயில்லை.

போத்தலை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் நினைத்தேன். மாற்றவில்லை. கூட எரிந்தால் உப்பு என்று எழுதிய அந்த விளக்க அட்டையை மட்டும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதனால் வந்தவர்களெல்லாம் கூடின வெளிச்சம்தான் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். குறைவாக எரிந்த போத்தலின் சொந்தக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா தன் விளக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"பாத்தியே, எங்கட கிணறுதான் நல்லா எரியுது."

அவளை அவ்வளவு சந்தோஷமாகக் கண்டு கனநாள். பிறகு மூலைக்குப் போனாள்.

"இதென்ன தண்ணி?"

"கடல் தண்ணி."

அதைப் பார்த்தாள். திரும்பித் தன்னுடையதைப் பார்த்தாள். "அப்ப, கூட எரிஞ்சால் உப்போ?"

"ஓம் அக்கா."

"நீதானே மோட்டர் பூட்டச் சொன்னனி."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்காமல், நாள் தவறாமல் தண்ணீர் அள்ள வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பினாள்.

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓமக்கா. நாலைஞ்சு மாசமா வாயிலை வைக்க ஏலாது."

"பின்னை ஏன் வந்து அள்ளினனீர்?"

"வராட்டி உங்களுக்கு மனம் நோகுமெல்லே."

தண்ணீர் தந்த வீட்டுக் கிணற்றை உப்பென்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எட்டு வீடும் அள்ளிப் போனதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, சந்தியில் தண்ணீர் பவுசர் வண்டி வந்து நிரப்பும் தாங்கியில் குடிதண்ணீர் பிடித்திருக்கிறார்கள். உப்பு மெல்ல மெல்ல ஏறியதால் அக்காவின் நாக்குக்கு அது தெரியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

அடுத்த நாள் மோட்டரைக் கழற்றினோம். கிணறு திருந்துமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பின்னேரம் அக்கா ஒரு கானை எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் விலகி, "அக்கா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்றார்கள்.

"நானும் இப்ப தண்ணிக்கு வந்தவள்தானே" என்று சொல்லிவிட்டு, அக்கா கடைசியில் போய் நின்றாள்.