ஏழு பெண்களும் ஒரு குதிரைக்குட்டியும்

என் தலைமுடியில் எப்போதும் குதிரை வாசம் அடிக்கிறது என்று அம்மா ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்த வயது அது. பதினைந்து. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா ரயிலில் கார்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டினார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றோரமாக, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட லாயம் ஒன்று அவருக்கு இருந்தது. பள்ளி விட்டால் என் கால் தானாக அங்கேதான் போகும்.

"பொம்பளப் பிள்ளைக்கு லாயத்துல என்ன வேல?" என்பாள் அம்மா.

"வேல இல்லம்மா. சும்மாதான் பாக்கப் போறேன்" என்பேன். பொய்தான். தேய்த்துவிடுவது, புல் போடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் நான்தான்.

மாமா ஒரு மாதத்துக்கு முன்பு கிள்ளானிலிருந்து ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையை வாங்கி வந்திருந்தார். அதன் பழைய முதலாளி மோட்டார் கார் வாங்கிவிட்டாராம். சாதுவான குதிரை. வந்ததிலிருந்து வயிறு பெருத்துக்கொண்டே போனது. கொள்ளு நன்றாகத் தின்கிறது, அதுதான் என்று மாமாவுக்கு மகிழ்ச்சி.

அந்த விடுமுறை வாரத்தின் திங்கட்கிழமை காலையில் அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஏதோ என் கையை முட்டியது. கையை எடுக்காமல் நின்றேன். மறுபடி முட்டியது.

"மாமா, இது சினையா இருக்கு."

மாமா சிரித்தார். "அது காத்து. தின்னது அப்படி."

நான் நம்பவில்லை. அன்று முழுக்க அதை விட்டு நகரவுமில்லை. அதனால் வலைப்பந்துப் பயிற்சிக்குப் போக மறந்தேன்.

அது சாதாரணப் பயிற்சி இல்லை. சனிக்கிழமை கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியோடு எங்களுக்கு ஆட்டம். எங்கள் பள்ளிக் குழு ரயிலேறி வெளியூர் போய் ஆடுவது அதுதான் முதல் தடவை. குழுவில் ஏழு பேர். கேப்டன் என்ஜின் டிரைவரின் மகள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவள். மற்றவர்களும் அப்படி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவள். செவ்வாய்க்கிழமையும் நான் தாமதமாகப் போனபோது, எல்லார் முன்னாலும் பந்தை என் கையில் திணித்தாள்.

"உனக்குக் குதிர வேணுமா, குழு வேணுமா? இன்னொரு நாள் வரலன்னா உன் இடத்துல வேற ஆளப் போட்டுடுவேன்."

எனக்கு இரண்டும்தான் வேண்டும். புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் திடலில் போய் நின்றேன். கேப்டன் அன்று பந்தை எனக்குத்தான் அதிகம் போட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும், பயிற்சிக்கு முன்னால் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று லாயத்துக்கு ஓடினேன். வைக்கோல்மேல் குட்டி கிடந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. முன்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒட்டடைக் கம்பு போன்ற கால்களை அகட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. தாயின் மடியைத் தேடிப் போய் மூக்கை நீட்டியது. அந்தச் சாதுவான குதிரை காதை மடக்கிக்கொண்டு உதைத்தது. குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

மாமாவைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார். மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தோம். அவர் குட்டிக்கு அடி ஒன்றும் பலமில்லை என்றார். ஆனால், "இன்னிக்குள்ள தாய்ப்பால் உள்ள போகணும். கறந்தாவது ஊத்துங்க. தாய் தானா குடுக்கலன்னா பொழைக்கிறது கஷ்டம்" என்று சொல்லிப் போனார்.

குதிரை உதைக்காமல் இருக்க ஒரு வழி எனக்குத் தெரியும். லாடம் அடிப்பவர் முன்கால் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று காலில் நிற்கும் குதிரையால் சுலபமாக உதைக்க முடியாது. மாமா காலைத் தூக்கிப் பிடிக்க, நான் தகரக் குவளையில் கறந்தேன். நாலு சொட்டு வருவதற்குள் அது திமிறியது. குவளை கவிழ்ந்தது.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. கேப்டன். பின்னால் குழு முழுக்க. பயிற்சிக்கு வராத என்னைத் திட்டுவதற்காக ஆறு பேரும் ஒன்றாகக் கிளம்பி வந்திருந்தார்கள். கேப்டன் வாயைத் திறந்தாள். சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தாள். திட்ட வந்ததை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எங்கள் கோல் போடும் பெண், காப்பிக்கடைச் சீனரின் மகள், குட்டியருகே மண்டியிட்டு, "காசியான்" என்றாள். பாவம் என்பதற்கு மலாய்ச் சொல் அது. தன் பாவாடை அழுக்காவதைப் பார்க்காமல் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயாவின் மகள் எங்கள் குழுவிலேயே பலசாலி. கையை மடித்துவிட்டுக்கொண்டு மாமாவிடம் போனாள்.

"நான் காலைப் பிடிக்கிறன் மாமா. நீங்கள் கயிற்றைப் பிடியுங்கோ."

கேப்டன் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. அவளுக்குக் குதிரை என்றால் பயம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் என்னடி செய்ய?" என்றாள், ஒரு மாதிரி சன்னமான குரலில்.

"முறை போட்டுக் குடு. ஒரே ஆளால முடியாது."

அதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. வாசலில் நின்றபடியே இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். ஒரு ஜோடி குதிரையைப் பிடிக்க, ஒரு ஜோடி குட்டியைத் தாங்க, மற்றவர்கள் வெந்நீரும் புல்லும் கொண்டுவர. கறந்த பாலைப் புட்டியில் ஊற்றி, கிழித்த துணியைத் திரிபோலச் செருகிச் சப்பக் கொடுத்தோம். அன்று குட்டியின் வயிற்றுக்குள் போனது கொஞ்சம்தான். ஆனாலும் போனது. இரவு மாமாவும் அவர் நண்பரும் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அதே கதை. குட்டி மடிக்குப் போகும், தாய் கனைத்து விலகும். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் தொடையில் உதை விழுந்து நீலம் பாய்ந்தது. குட்டி தலையைத் தூக்குவதே குறைந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

நான் சாப்பிட வரவில்லை என்று கோபமாகத் தேடிவந்தாள் அம்மா. கூட்டத்தைப் பார்த்தாள். குதிரையையும் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக உள்ளே வந்து, குனிந்து மடியைப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி பால் கட்டியிருக்கு. தொட்டாலே உயிர் போற வலியா இருக்கும். உதைக்காம என்ன செய்யும்?" என்று எங்களையெல்லாம் கடிந்துகொண்டாள். "உன் தம்பி பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வெந்நீர் கொண்டாங்க. துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க. அவசரப்படாதீங்க."

அம்மா அதுவரை லாயத்துக்குள் கால் வைத்ததில்லை. அன்று ஒரு மணி நேரம் அங்கே நின்று ஒத்தடம் கொடுத்தாள். குதிரையோடு பேசிக்கொண்டே கொடுத்தாள். "சரிடி, சரிடி, ஆச்சு" என்று. கொஞ்சம் கொஞ்சமாக மடி இளகியது. குதிரையின் காது தளர்ந்தது. அம்மா தலையசைத்ததும் சீனப் பெண்ணும் நானும் குட்டியைத் தாங்கிக்கொண்டுபோய் விட்டோம். குட்டி முட்டியது. தாய் ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை அது மெல்லக் கீழே வைத்தது.

சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது. யாரும் கத்தவில்லை, குதிரை மிரளும் என்று. கேப்டன் என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது அவள் உள்ளே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏழு பேரும் கிள்ளான் போகும்வரை தூங்கினோம். ஆட்டத்தில் தோற்றோம். இரண்டு நாள் பயிற்சி இல்லாமல், கை கால் எல்லாம் வலியோடு வேறென்ன நடக்கும்? ஆனாலும் இரண்டாம் பாதியில் வெறி பிடித்ததுபோல் ஆடி, கடைசியில் இரண்டே கோலில்தான் விட்டோம். ஆட்டம் முடிந்து சர்பத் குடிக்கும்போது, கிள்ளான் கேப்டன் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் தொடை நீலத்தைப் பார்த்து, "பந்து பட்டதா?" என்று கேட்டாள்.

எங்கள் கேப்டன்தான் பதில் சொன்னாள். முழுக் கதையையும் சொன்னாள். தான் வாசலில் பயந்து நின்றதையும் மறைக்கவில்லை. கிள்ளான் பெண்கள் சர்பத்தை மறந்து கேட்டார்கள்.

மறுநாள் அவர்களில் நாலு பேர், ஒருத்தியின் அண்ணன் துணைக்கு வர, ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டார்கள். குதிரைக்கு வெல்லம் கொண்டுவந்திருந்தார்கள். மாமா லாயத்துக் கதவைத் திறந்ததுதான் தாமதம், குட்டி வெளியே பாய்ந்தது. சந்து வழியாகத் திடலுக்கு ஓடியது. பதினொரு பெண்கள் பின்னால் ஓடினோம்.

"சுத்தி வளைங்கடி! கிள்ளான் அந்தப் பக்கம் போங்க!" என்று கேப்டன் கத்தினாள். வட்டம் கட்டி நின்றோம். குட்டி நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிறகு, எங்களில் அதிகம் பயந்தவளைத் தேடிப்போய் அவள் வயிற்றில் மூக்கை வைத்து முட்டியது. கேப்டன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதன் கழுத்தைத் தொட்டாள்.

"ஐயோ, எவ்வளவு மிருதுவா இருக்கு!" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே.

குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். எல்லாருக்கும் சோறு போட்டிருக்கிறாளாம். கை கழுவிவிட்டு வரவேண்டுமாம். குட்டியை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நடந்தோம்.