வளைவில் அடித்த ஆணி

தலைமுறைகள் காத்து வந்த கல்லை ஒரு நாள் விழாவுக்காக உடைக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

டெக்சாஸில், அறுவடை முடிந்த சோளக்காடுகளுக்கு நடுவே, தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளுமாக ரோமனெஸ்க் பாணித் தேவாலயம் ஒன்று நிற்கிறது. தமிழர்களின் பொங்கல் திருப்பலிக்காக இவ்வூர்ப் பங்கு மக்கள் அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்து ரவுண்ட் ராக் நகரில் குடியேறிய சேவியர் அங்கிள், தோரணம் கட்ட வாசல் வளைவில் ஆணி அடிக்கிறார். செதுக்கிய திராட்சை இலை ஒன்று உடைந்து விழுகிறது.

"நிறுத்துங்க அங்கிள்! இனிமே இவங்க நம்மள உள்ள விடுவாங்களா?"

"டென்ஷன் ஆகாதப்பா. நம்ம ஊர் சர்ச்ல ஃபேன், ஸ்பீக்கர், ட்யூப்லைட்னு தூண் பூரா ஆணிதானே? அங்க என்னிக்காவது கேட்டிருக்கியா?"

சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, விழுந்த இலையைப் பொறுக்கி எடுக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தூண்களில் இனி ஆணி அடிக்கக் கூடாதென்று எங்கள் பங்குப் பேரவையில் எழுந்து சண்டை போட்டேன். இப்போது அங்கே ஒலிபெருக்கிகள் தனிக் கம்பங்களில் நிற்கின்றன.