நகர்ந்த மரம்

என் கண்கள் ஓரிடத்தில் தரிக்காதவை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மரம், மைல்கல், எதிரே இருப்பவரின் செருப்பு என்று தாவிக்கொண்டே இருக்கும். அதனால் நிறையப் பார்க்கிறேன் என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன்.

போன மழைக்கு இலங்கையில் றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பகலில் கொஞ்சம் வெறித்தது. ஆறு வீடு ஒரே வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான தேயிலை மலை. சரிந்தால் ஆறு வீடும் அதனடியில். மண்சரிவு எச்சரிக்கை என்று போனில் செய்தி வந்தது. பின்வாசலில் நின்று செய்தியைப் படித்தேன், மலையைப் பார்த்தேன், மறுபடி படித்தேன், மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மலை அப்படியேதான் இருந்தது.

தங்கச்சி படியில் குந்தியிருந்தாள். இருபது வருடம் கொழுந்து பறித்தவள். மலையில் அவள் விரல் ஒரு செடியில் இருக்கும்போதே கண் அடுத்த செடிக்கு ஓடியிருக்கும். அன்றைக்கு அந்தக் கண் ஓடவில்லை. மேலே தனியாக நின்ற சவுக்கு மரத்தின் அடியில் ஊன்றி நின்றது.

"அண்ணே, அந்த மரம் நகருது."

"காத்துல ஆடுது புள்ள."

"காத்துன்னா தலைதானே ஆடும்? இது அடியோட எறங்குது. நீங்க போனப் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள அது ஒரு எட்டு வச்சிருது. அப்புறம் எப்பிடித் தெரியும்?"

தட்டை எடுத்து லயம் முழுக்கத் தட்டினாள். எல்லோரும் வந்தார்கள், பக்கத்து வீட்டு அக்காவைத் தவிர.

"போன வருசமும் இப்பிடித்தான் ஓட வச்ச. இஸ்கூல்ல கொசுக்கடிதான் மிச்சம்."

"இந்த வருசக் கடியையும் வாங்கிக்குவோம், வாங்கக்கா!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள்.

பள்ளிக்கூட மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல் கொட்டுவதுபோல.

கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்த இமைப்பொழுதில் நாம் குருடர். அந்த இடைவெளியில் ஒரு மலையே நகர்ந்துவிடலாம், நமக்குத் தெரியாது. ஓடப் பழகிய கண்ணை நிறுத்தி வைக்க அவளுக்கு யார் சொன்னது? வியந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஆறு வீட்டு அடுப்படிக் குசினியும் செம்மண்ணுக்குள். தங்கச்சியின் கையை அக்கா இன்னும் விடவில்லை.

"ஐயோ," என்றாள் தங்கச்சி, "பருப்ப அடுப்புலயே வச்சிட்டு வந்துட்டேன்."

அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள்.