போர்வை வாங்கப் போன நாள்

வெள்ளம் வடிந்து பத்து நாளாகியும் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் காயவில்லை. மெத்தை, பாய், போர்வை எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டிருந்தோம். காய்ச்சலில் கிடந்த அம்மா வெறுங்கட்டிலில் முடங்கியிருந்தாள். அவளுக்கு இரண்டு போர்வை வாங்கத்தான் நானும் தங்கையும் கடைத்தெருவுக்குப் போனோம்.

ஒரு துணிக்கடையில் நனைந்த சரக்கைப் பாதி விலைக்குக் குவித்திருந்தார்கள். போர்வைகள் ஒரு மூலையில் இருந்தன. சேலைகளைச் சுற்றித்தான் கூட்டம். புதுவருஷத் தள்ளுபடி, இன்று மட்டும் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது.

“எக்கா, இந்த விலைக்கு இனி கிடைக்காது. சீக்கிரம் எடு” என்றாள் தங்கை.

வீட்டில் சேலை வைக்க ஒரு பீரோகூட மிஞ்சவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவள் தொட்ட சேலையை நான் வெடுக்கென்று இழுத்தேன். சேற்று வாடை அடித்தது. ஐந்து சேலை எடுத்துவிட்டுப் போர்வை கேட்டபோது கடைக்காரர் கையை விரித்தார்.

“அப்பவே தீந்துட்டும்மா.”

மற்ற கடைகளில் அலைந்தும் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பையைப் பார்த்தாள். “ஏளா, போர்வை எங்க?” என்றாள். மூன்று சேலைகளை ஒன்றாக மடித்து அவள்மேல் போர்த்தினேன். வாடை தாங்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சளி நெஞ்சில் கட்டி, தை பிறக்குமுன் அம்மா போய்விட்டாள். போர்வை இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போதெல்லாம் தள்ளுபடி விளம்பரம் வந்தால் நான் போவதில்லை. தங்கையும் என்னைக் கூப்பிடுவதில்லை.